சொந்தக் கூரையில் சோலாரா, சமூக சோலார் சந்தாவா? நியூ ஜெர்சி வீடுகளுக்கு ஒரு கணக்கு

நியூ ஜெர்சியில் 2025 ஜூன் முதல் தேதியன்று வீடுகளுக்கான மின்கட்டணம் 17 முதல் 20 சதவீதம் வரை ஒரே தாவலில் ஏறியது. நாம் மின்சாரத்தை அதிகம் செலவழித்ததால் வந்த ஏற்றம் இல்லை இது. 13 மாநிலங்களையும் வாஷிங்டன் நகரையும் இணைக்கும் பி.ஜே.எம் மின்கட்டமைப்பு, வருங்காலத் தேவைக்கு மின்நிலையங்களைத் தயாராக வைத்திருக்க ஆண்டுதோறும் ஏலம் நடத்துகிறது. 2024 ஜூலையில் நடந்த ஏலத்தில், முந்தைய ஆண்டு ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலராக இருந்த விலை 269.92 டாலராகத் தாவியது. தரவு மையங்களின் தேவை பெருகுகிறது, பழைய மின்நிலையங்கள் மூடப்படுகின்றன, புதியவை இணைப்புக்காக வரிசையில் காத்துக் கிடக்கின்றன. அந்தச் சுமைதான் நம் பில்லில் வந்து இறங்கியது.

அதன் பிறகு இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களிலெல்லாம் சோலார் பேச்சு அடிபடுகிறது. வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்குக் கூரை கிடையாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் வாங்கியவர்களுக்குக் கூரை வீட்டுரிமையாளர் சங்கத்தின் கையில் இருக்கலாம். தனிவீடு வாங்கியவர்களுக்குக் கூரை உண்டு, ஆனால் அந்த ஊரில் எத்தனை ஆண்டுகள் இருப்போம் என்பது தெரியாது. இந்த மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ‘எது சிறந்தது’ என்று கேட்பதைவிட ‘இந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கப் போகிறேன்’ என்று கேட்பது நல்லது. விடையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. அதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

சமூக சோலார் எப்படி இயங்குகிறது

ஒரு கிடங்கின் தட்டையான கூரையிலோ, மூடப்பட்ட குப்பை மேட்டிலோ, வாகன நிறுத்துமிடத்தின் மேற்பந்தலிலோ ஒரு நிறுவனம் பெரிய அளவில் பேனல்களை நிறுவுகிறது. நியூ ஜெர்சியில் ஒரு திட்டத்துக்கு 5 மெகாவாட் உச்சவரம்பு. விளைநிலத்தை இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் இந்த மாநிலம் உறுதியாக இருக்கிறது. குறுகிய நிலப்பரப்பும் அடர்ந்த மக்கள்தொகையும் கொண்ட இடத்தில் அது நல்ல முடிவு.

அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் நேராக உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அது உள்ளூர் மின்நிறுவனத்தின் கம்பிகளில் கலந்துவிடுகிறது. அந்தத் திட்டத்தில் உங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. உங்கள் பங்கு இந்த மாதம் எத்தனை யூனிட் உற்பத்தி செய்ததோ அதற்கான தொகை உங்கள் மின்கட்டண பில்லில் வரவாக வைக்கப்படுகிறது. அந்த வரவை நீங்கள் தள்ளுபடி விலையில் வாங்குகிறீர்கள். 100 டாலர் வரவுக்கு 80 டாலர் கொடுக்கிறீர்கள் என்றால் 20 டாலர் மிச்சம். மொத்தத் திட்டமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

முன்பணம் இல்லை. வீட்டுக்கு யாரும் வந்து எதையும் பொருத்துவதில்லை, மீட்டர் மாறுவதில்லை. மின்சாரம் நின்றுபோனால் வழக்கம்போல மின்நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். புயலில் ஊரே இருண்டால் உங்கள் வீடும் இருண்டுதான் இருக்கும்.

இந்த ஏற்பாடு அமெரிக்காவில் புதிதல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் எல்லென்ஸ்பர்க் என்ற சிறு நகரத்தில் 2006-இல் தொடங்கியதை முதல் முயற்சியாகச் சொல்வார்கள். 2010-இல் கொலராடோ இதற்கென்று சட்டம் இயற்றியது, 2013-இல் மினசோட்டா. நியூ ஜெர்சி 2018-ஆம் ஆண்டின் தூய எரிசக்திச் சட்டத்தின் கீழ் சோதனைத் திட்டமாகத் தொடங்கி, 2019-இல் 45 திட்டங்களுக்கும் 2021-இல் 105 திட்டங்களுக்கும் அனுமதி தந்தது. 2023-இல் அது நிரந்தரத் திட்டமானது. கட்டண உயர்வின் சூடு ஆறுவதற்குள், 2025 ஆகஸ்டில், கூடுதலாக 3,000 மெகாவாட் வரை சமூக சோலாருக்கு வழிவிடும் சட்டம் கையெழுத்தானது.

நியூ ஜெர்சி விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு திட்டத்தின் கொள்ளளவிலும் குறைந்தது 51 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குப் போக வேண்டும். சோலார் என்றாலே வசதியான வீடுகளின் பெரிய கூரைகள்தான் என்றிருந்த நிலையை இது மாற்றுகிறது. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் வருபவர்கள் தகுதி பெறுகிறார்கள். உதவித்தொகையில் படிக்கும் ஆராய்ச்சி மாணவர்கள், ஒருவர் மட்டுமே சம்பாதிக்க அனுமதியுள்ள விசாவில் குழந்தைகளோடு இருப்பவர்கள் எனப் பலர், தங்களுக்கும் இது பொருந்தும் என்று தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். வருமானத்துக்குச் சுய உறுதிமொழி போதும். தகுதி இருந்தால் தயங்காமல் அந்தப் பிரிவிலேயே பதிவு செய்யுங்கள். உங்களைச் சேர்த்துக்கொள்வது திட்டம் நடத்துபவருக்கும் தேவையாகவே இருக்கிறது.

‘20 சதவீதம் தள்ளுபடி’ என்றால் எதில்?

ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கிறது. இந்திய மளிகைக் கடை வாசலில் மேசை போட்டு, கையில் டேப்லெட்டுடன் நிற்கும் விற்பனையாளர் ‘உங்கள் பில்லில் 20 சதவீதம் குறையும்’ என்பார். குறைவது முழு பில்லில் அல்ல, வரவில்தான். இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது.

இரண்டு படுக்கையறை வாடகை வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதம் சராசரி 600 யூனிட், ஆண்டுக்கு 7,200 யூனிட். யூனிட்டுக்கு 22 சென்ட் என்று வைத்தால் ஆண்டு மின்செலவு 1,584 டாலர். சமூக சோலார் வரவு சில்லறை விலைக்கு நெருக்கமாக இருந்தாலும், சில பொதுக் கட்டணங்களைக் கழித்தே கணக்கிடப்படுகிறது. அதை 20 சென்ட் என்று கொள்வோம். உங்களுக்கு ஒதுக்கும் பங்கு உங்கள் கடந்த ஓராண்டுப் பயன்பாட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி; நடைமுறையில் கொஞ்சம் குறைத்தே ஒதுக்குவார்கள். 90 சதவீதம் என்றால் 6,480 யூனிட். வரவு 1,296 டாலர். அதில் 20 சதவீதம் 259 டாலர். மாதத்துக்கு 21 டாலருக்குச் சற்று அதிகம். முழு பில்லோடு ஒப்பிட்டால் மிச்சம் ஏறக்குறைய 16 சதவீதம்.

இந்த எண்களை விளக்கத்துக்காகவே வைத்திருக்கிறேன். உங்கள் பில்லில் உள்ளவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் வடிவம் மாறாது. 259 டாலர் பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஒரு காசும் முதலீடு செய்யாமல், ஒரு துளை போடாமல், அரை மணி நேரப் பதிவுக்கு ஆண்டுதோறும் வரும் 259 டாலரை நான் சின்னதாக நினைக்க மாட்டேன். வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதற்கு இணையான வேறு வழி எதுவும் என் கண்ணில் படவில்லை.

மாதாமாதம் பார்த்தால் இந்த மிச்சம் சமமாக வராது. ஜூலையில் குளிர்சாதனம் ஓடி 900 யூனிட் ஆகிறது, பில் 198 டாலர். அந்த மாதம் வரும் வரவு 160 டாலர். அதற்கு நீங்கள் திட்ட நிறுவனத்துக்குக் கொடுப்பது 128 டாலர். மின்நிறுவனத்துக்கு மீதி 38 டாலர். ஆக 166 டாலர், மிச்சம் 32. டிசம்பரில் பகல் குறுகிவிடும், பேனல்களின் உற்பத்தியும் சரிந்துவிடும். 110 டாலர் பில்லுக்கு 50 டாலர் வரவு, அதற்கு 40 டாலர் கட்டணம், மிச்சம் 10 டாலர். இதுபோக, ஒரு மாத உற்பத்திக்கான வரவு அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோதான் பில்லில் தெரியும். வசந்தத்தில் பதிவு செய்துவிட்டு முதல் மாதமே பில் குறையவில்லை என்று சந்தாவை முறித்துக்கொள்பவர்கள், கோடை வரவு வந்து சேரும் முன்பே வெளியேறிவிடுகிறார்கள். ஒரு முழு ஆண்டைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

மேலே ஜூலைக் கணக்கில் இரண்டு பேருக்குப் பணம் போகிறது: மின்நிறுவனத்துக்கு 38, திட்ட நிறுவனத்துக்கு 128. பழைய திட்டங்களில் இப்படித்தான் இரண்டு பில்கள் வந்தன. மின்நிறுவன பில்லில் 38 டாலரைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, இரண்டாவது பில்லைக் கண்டதும் ஏமாந்துவிட்டோமோ என்று பதறிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே அமைதியானார்கள். இப்போது ஒருங்கிணைந்த பில் முறை வந்துவிட்டது. வரவு, சந்தாக் கட்டணம் இரண்டையும் மின்நிறுவனமே கணக்கிட்டு ஒரே பில்லில் காட்டுகிறது. புதிதாகச் சேர்பவர்கள் இந்த முறை உள்ள திட்டத்தையே தேர்ந்தெடுங்கள். இரண்டு பில் திட்டத்தில் தள்ளுபடி ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருந்தாலும், என் கணிப்பில் அந்தத் தலைவலிக்கு அது ஈடாகாது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி, கடன் தகுதிச் சோதனை போன்ற நிபந்தனைகளும் பெரும்பாலும் இரண்டு பில் முறையோடுதான் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

தள்ளுபடி எவ்வளவு என்பதிலும் கவனம் வேண்டும். நியூ ஜெர்சியின் நிரந்தரத் திட்டத்தில் குறைந்தது 15 சதவீதம் உறுதியளித்தாக வேண்டும். போட்டியில் பல திட்டங்கள் 20 சதவீதமும் அதற்கு மேலும் தருகின்றன. ஒப்பந்தத்தில் ‘உறுதி’ என்ற சொல் இருக்கிறதா, அது எல்லா ஆண்டுக்குமா, முதலாண்டுக்கு மட்டுமா என்று படித்துப் பாருங்கள். யூனிட்டுக்கு இத்தனை சென்ட் என்று நிலையான விலை பேசி, ஆண்டுதோறும் அதை ஏற்றும் ஒப்பந்தத்தை நான் தொட மாட்டேன். வரவின் மதிப்பு மின்கட்டணத்தோடு ஏறி இறங்கும். தள்ளுபடியும் அதே வரவின் சதவீதமாக இருந்தால் நீங்கள் நட்டப்பட வழியே இல்லை. நிலையான விலையில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

கடை வாசலில் நிற்கும் இன்னொருவர்

அதே கடை வாசலில், அதே போன்ற மேசையில், ‘பசுமை மின்சாரம்’ என்று எழுதிய பலகையோடு இன்னொருவரும் நிற்பார். அவர் விற்பது சமூக சோலார் இல்லை. நியூ ஜெர்சி 1999-இல் மின்விநியோகத்தில் போட்டியைத் திறந்துவிட்டது. அது முதல், கம்பி ஒருவருடையது, மின்சாரத்தை விற்பவர் வேறொருவர் என்று இருக்க முடியும். அந்த மூன்றாம் தரப்பு விற்பனையாளர் உங்கள் பில்லின் வழங்கல் பகுதியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். முதல் சில மாதங்கள் விலை கவர்ச்சியாக இருக்கும். அறிமுகக் காலம் முடிந்ததும் மாறும் விலைக்குப் போய்விடும் ஒப்பந்தங்கள் ஏராளம்.

இருவருமே முதலில் கேட்பது உங்கள் பில்லைத்தான். அதில் உள்ள கணக்கு எண் கிடைத்தாலே அவர்களின் வேலை பாதி முடிந்துவிடும். எனவே பில்லை நீட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘என் மின்சார வழங்குநர் மாறுவாரா?’ ஆம் என்றால் அது சமூக சோலார் இல்லை. சமூக சோலாரில் வழங்குநர் மாறுவதில்லை. பில்லில் ஒரு வரவு வரி கூடுதலாக வரும், அவ்வளவுதான். மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு வாரியம் அங்கீகரித்த திட்டங்களின் பட்டியல் உண்டு. உங்கள் மின்நிறுவனத்தின் எல்லைக்குள் உள்ள திட்டமாகவும் அது இருக்க வேண்டும். பி.எஸ்.இ. அண்ட் ஜி வாடிக்கையாளர் ஜே.சி.பி. அண்ட் எல் பகுதித் திட்டத்தில் சேர முடியாது. கடை வாசலில் கையெழுத்திடாமல், வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலைப் பார்த்துச் சேருங்கள்.

சொந்தக் கூரை: 2026-இல் கணக்கு மாறிவிட்டது

தனிவீட்டுக்காரருக்கு நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வந்த அறிவுரை, ‘30 சதவீதம் வரிச்சலுகை இருக்கிறது, போட்டுவிடுங்கள்’ என்பது. சொந்தப் பணத்தில் அல்லது கடனில் பேனல் வாங்கும் வீட்டுக்காரர்களுக்கான அந்தக் கூட்டாட்சி வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் அதை முடித்துவைத்தது. பழைய கட்டுரைகளையும் பழைய கணக்குகளையும் நம்பி இறங்கினால் ஆயிரக்கணக்கான டாலர் துண்டு விழும்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் சலுகைகள் இருக்கின்றன. பேனல்களுக்கு விற்பனை வரி இல்லை. பேனலால் வீட்டின் மதிப்பு ஏறினாலும் அதற்குச் சொத்துவரி இல்லை. நீங்கள் கம்பிக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் சில்லறை விலையிலேயே கழிக்கப்படுகிறது. ஆண்டு முடிவில் மிஞ்சியதற்கு மட்டும் மொத்தச் சந்தை விலை, அது சில்லறை விலையைவிடக் குறைவு. இதோடு, 1,000 யூனிட் உற்பத்திக்குச் சுத்த மின்சாரம் தந்ததற்கான ஒரு சான்றிதழ், அதற்கு ஒரு நிலையான தொகை, 15 ஆண்டுகளுக்கு. 2021-இல் இந்த முறை வந்தபோது வீடுகளுக்கு 90 டாலராக இருந்தது, பின்னர் சேர்பவர்களுக்குக் குறைக்கப்பட்டது. நீங்கள் பதிவு செய்யும்போது உள்ள தொகை உங்களுக்கு 15 ஆண்டுக்கும் நிலைக்கும்.

7 கிலோவாட் அமைப்பு, வாட்டுக்கு 3 டாலர் என்றால் 21,000 டாலர். மறைப்பில்லாத, தெற்கு நோக்கிய கூரையில் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 8,400 யூனிட் தரும். 22 சென்ட் வீதம் 1,848 டாலர். சான்றிதழ்கள் எட்டு, ஒன்றுக்கு 80 டாலர் என்று வைத்தால் 640. ஆக ஆண்டுக்கு 2,488 டாலர். போட்ட பணம் திரும்ப எட்டரை ஆண்டுகள். வரிச்சலுகை இருந்தபோது இதே அமைப்பின் நிகர விலை 14,700 டாலர், ஆறு ஆண்டுகளில் திரும்பியிருக்கும்.

இப்போது இதே வீட்டைச் சமூக சோலாரில் வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 9,000 யூனிட் பயன்பாடு, 90 சதவீதப் பங்கு, 20 சென்ட் வரவு, 20 சதவீதத் தள்ளுபடி: ஆண்டு மிச்சம் 324 டாலர். முதலீடு இல்லை. இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றன? ஐந்தாம் ஆண்டு முடிவில் கூரைக்காரருக்கு 12,440 டாலர் திரும்பியிருக்கும். இன்னும் 8,560 டாலர் வர வேண்டும். சந்தாக்காரர் 1,620 டாலர் சேர்த்திருப்பார். ஒன்பது ஆண்டு எட்டு மாதங்கள் வாக்கில் இருவரும் சமமாகிறார்கள். அதன்பின் கூரைக்காரரைப் பிடிக்க முடியாது. 25 ஆண்டுகள் ஓடினால், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைப் புதிதாக்கும் செலவு, ஆண்டுக்கு அரை சதவீதம் அளவில் குறையும் உற்பத்தி எல்லாம் போக, அவர் கையில் நிற்பது 30,000 டாலரை ஒட்டி இருக்கும். சந்தாக்காரருக்கு 8,100 டாலர்.

மின்கட்டணம் மேலும் ஏறினால் அந்தச் சந்திப்புப் புள்ளி முன்னால் வரும். கடன் வாங்கிப் போட்டால் வட்டி அதைப் பின்னுக்குத் தள்ளும். 7, 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை மிச்சத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அப்படிச் செய்வதற்குச் சந்தாவே மேல் என்பேன்.

வீட்டை விற்கும்போது பேனலுக்கும் விலை கிடைக்கும் என்பது உண்மைதான், அதனால் ஐந்தாம் ஆண்டில் விற்பவருக்கு முழு நட்டம் வராது. ஆனால் வாங்குபவர் எவ்வளவு மதிப்பார் என்பதை முன்கூட்டிப் பந்தயம் கட்ட முடியாது. வேலை மாறினால் டெக்சாஸுக்கோ கலிஃபோர்னியாவுக்கோ போக வேண்டியிருக்கும் எச்-1பி குடும்பம் 21,000 டாலரை ஒரு கூரையில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிரீன் கார்டு கையில் வந்து, பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் ஊன்றி, இந்த வீட்டில்தான் என்று முடிவானவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் சலுகை போய்விட்டது என்று சோர்ந்து உட்கார வேண்டியதில்லை. ரொக்கம் இருந்தால் இன்றும் சொந்தப் பேனல் நல்ல முதலீடு.

கூரையின் வயதைப் பார்க்காமல் யாரும் இறங்க வேண்டாம். நம் ஊர் மொட்டைமாடிகளைப் போல இல்லை இங்குள்ள கூரைகள். ஆஸ்பால்ட் ஓடு வேய்ந்த சரிவுக் கூரைக்கு 20, 25 ஆண்டு ஆயுள். 15 ஆண்டுப் பழைய கூரையின் மேல் 25 ஆண்டு உழைக்கும் பேனலை வைத்தால், இடையில் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி, கூரை வேய்ந்து, திரும்பப் பொருத்த வேண்டும். கழற்றி மாட்டுவதற்கே சில ஆயிரம் டாலர் ஆகும். மேலே போட்ட கணக்கில் அது சேரவில்லை. சேர்த்தால் சமமாகும் ஆண்டு இன்னும் தள்ளிப்போகும். தெற்குப் பக்கம் ஓங்கிய ஓக் மரம் இருந்தாலும் அப்படித்தான். நிழலுக்காக மரத்தை வெட்டிப் பேனல் போடுவதை என் மனம் ஒப்பவில்லை. அந்த வீட்டுக்குச் சமூக சோலார்தான் சரி.

டவுன்ஹவுஸ்காரர்கள் சங்கத்தின் விதிகளை எடுத்துப் படியுங்கள். கூரை உங்கள் தனிச் சொத்தாக இருந்தால், பேனலைச் சங்கம் தடைசெய்ய முடியாது என்று நியூ ஜெர்சி சட்டம் சொல்கிறது. நியாயமான வரைமுறைகளை மட்டுமே விதிக்கலாம். கூரை பொதுச் சொத்தாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பல டவுன்ஹவுஸ்களில் கூரை பொதுச் சொத்துதான்.

‘இலவச சோலார்’ குத்தகை

இந்த ஆண்டு வீட்டுக் கதவைத் தட்டுபவர்களில் பலர் விற்பது குத்தகை அல்லது மின்கொள்முதல் ஒப்பந்தம் (உங்கள் கூரையில் நிறுவனம் வைக்கும் பேனலின் மின்சாரத்தை அதனிடமே விலைக்கு வாங்குவது). காரணம் எளிது. வீட்டுக்காரருக்கான வரிச்சலுகை போனாலும், பேனலைத் தானே வைத்துக்கொண்டு குத்தகைக்கு விடும் நிறுவனத்துக்கான வேறொரு வரிச்சலுகை இன்னும் சில காலம் இருக்கிறது. 2026 ஜூலை 4-க்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும். இல்லையென்றால் 2027 முடிவுக்குள் இயக்கத்துக்கு வர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் கூரைகளைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

முன்பணம் இல்லாமல், முதல் ஆண்டு பில்லும் குறையும். பிறகு 20, 25 ஆண்டுகளுக்கு நீங்கள் கட்டும் தொகை பல ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு 2.9 சதவீதம் போல ஏறிக்கொண்டே போகும். சான்றிதழ் வருமானம் நிறுவனத்துக்கு. வீட்டை விற்க வேண்டி வந்தால், வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும், அல்லது நீங்கள் மீதியைக் கட்டித் தீர்க்க வேண்டும். விற்பனை முடியும் வேளையில் இந்த ஒன்றுக்காகவே வாங்குபவர் பின்வாங்கிய கதைகள் இங்கே நிறையக் கேட்கக் கிடைக்கின்றன. சந்தாவின் சிறிய மிச்சத்தையும் சொந்தப் பேனலின் நீண்ட பிணைப்பையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இது. இரண்டின் நன்மையும் முழுதாகக் கிடைப்பதில்லை. கூரையில் எதுவும் ஏற்றாமல், 25 ஆண்டு வாக்குக் கொடுக்காமல் அதே அளவு மிச்சத்தைச் சமூக சோலார் தரும்போது, குத்தகையைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மாநிலம் மாறினால் கணக்கும் மாறும்

அமெரிக்காவில் இருக்கும் உறவினரிடம் கேட்டு முடிவு செய்வது நம் வழக்கம். இந்த விஷயத்தில் அது உதவாது. நியூயார்க்கில் வரவின் மதிப்பு வேறு சூத்திரத்தில் கணக்கிடப்படுகிறது. வழக்கமான தள்ளுபடி 5 முதல் 10 சதவீதம். இல்லினாயில் வருமான வரம்புக்குள் வருபவர்களுக்கான ‘சோலார் ஃபார் ஆல்’ திட்டத்தில் வரவில் பாதியைச் சந்தாதாரரே வைத்துக்கொள்ளலாம். தகுதி இருந்தால் சிக்காகோ பக்கத்து நண்பர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். ஃபுளோரிடாவில் எஃப்.பி.எல் மின்நிறுவனமே நடத்தும் ‘சோலார் டுகெதர்’ திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் சந்தா வரவைவிட அதிகம். வரவு மெல்ல ஏறிப் பின்னால் சரியாகும் அமைப்பு. அதையும் நியூ ஜெர்சி திட்டத்தையும் ஒரே பெயரில் அழைப்பதே குழப்பம். சில மாநிலங்களின் கூட்டுறவு மின்சங்கங்களில், பேனலின் ஒரு பங்கை முன்பணம் கொடுத்து வாங்கும் முறையும் இருக்கிறது. அது கூரைப் பேனலைப் போன்ற நெடுங்கால முதலீடு. அந்த ஊரிலேயே இருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

சுற்றுச்சூழலுக்காகச் சேர விரும்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சமூக சோலாரில் அந்தச் சுத்த மின்சாரத்துக்கான சான்றிதழ் பெரும்பாலும் திட்ட நிறுவனத்திடம் போய், அங்கிருந்து விற்கப்படுகிறது. எனவே ‘என் வீடு சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது’ என்று சட்டப்படி நீங்கள் சொல்லிக்கொள்ள முடியாது. 15 ஆண்டுச் சான்றிதழ்களை விற்கும் கூரைக்காரருக்கும் இது பொருந்தும். ஆனால் சந்தாதாரர்கள் இல்லாமல் இந்தத் திட்டங்களுக்கு வங்கிக் கடன் கிடைக்காது, பேனல் ஏறாது. ஒரு குப்பை மேட்டின் மேல் மின்சாரம் விளைவதற்கு நீங்களும் ஒரு காரணம் என்பது பொய்யாகாது.

இந்த வரவுகளின் சுமை மற்ற வாடிக்கையாளர்கள் மேல் விழுகிறது என்ற குறை உண்டு. மின்நிறுவனங்கள் அதை அடிக்கடி சொல்கின்றன. சான்றிதழ்களுக்கான பணம் எல்லோருடைய பில்லிலிருந்தும்தான் போகிறது. ஆனால் அந்தப் பணத்தைப் பெரும்பாலும் கூரை உள்ளவர்களே இத்தனை காலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாடகை வீட்டார் கட்டினார்கள், பெறவில்லை. பாதிக்கு மேல் எளிய குடும்பங்களுக்கு என்று விதி வைத்த ஒரு திட்டம் அந்த அநியாயத்தைக் கொஞ்சமாவது சரிசெய்கிறது. அதனால் இதில் சேர்வதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சேர்வதும் விலகுவதும்

மின்கட்டணத்தை வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரரே கட்டும் குடியிருப்பில் இருந்தால் நீங்கள் சேர முடியாது. பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்தால் ஓராண்டுப் பயன்பாடு பதிவாகியிருக்காது. உத்தேசமாகப் பங்கு ஒதுக்குவார்கள், அதை ஓராண்டு கழித்துத் திருத்தச் சொல்லுங்கள். மின்சாரக் கார் வாங்கினாலும், வீட்டைச் சூடாக்க மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்ப் போட்டாலும் அப்படியே. நல்ல திட்டங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்தால், கட்டுமானம் முடிந்து மின்சாரம் ஓடும் வரை உங்களுக்குச் செலவில்லை.

கையெழுத்திடும் முன் விலகும் பகுதியைப் படியுங்கள். விலகுவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் தெரிய வேண்டும். ஒரே மின்நிறுவனத்தின் எல்லைக்குள் வீடு மாறினால் சந்தாவைக் கூடவே எடுத்துச் செல்லலாம். எல்லை தாண்டினால் முடித்துக்கொள்ள வேண்டும். வரவு ஒன்றிரண்டு மாதம் பின்தங்கியே வருவதால், மின்கணக்கை மூடும் நாளில் சொன்னால் கடைசி மாத வரவுகள் போய்ச் சேர இடமில்லாமல் சிக்கல் வரும். வீடு மாறும் தேதி உறுதியானதும், பெட்டி கட்டும் முன்பே, திட்ட நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். புதிய முகவரிக்கான மின்கணக்கு எண் கிடைத்திருந்தால் அதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கொடுங்கள்.